ஹெடர் இருக்கிறது, லைப்ரரி எங்கே?

கேள்வி: வீட்டு லேப்டாப்பில் உபுண்டு 22.04. த்ரெட் (ஒரே நேரத்தில் பல வேலைகளை ஓட்டும் முறை) வைத்து நான் எழுதிய சி புரோகிராம் அதில் ஒழுங்காக பில்ட் ஆகிறது. கல்லூரி லேபில் உபுண்டு 20.04. அங்கே ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ் டு பித்ரெட்_கிரியேட்’ என்று நின்றுவிடுகிறது. பித்ரெட்.ஹெச் என்ற ஹெடரைச் சேர்த்திருக்கிறேன், ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. லேப் சிஸ்டம் கெட்டுவிட்டதா?
– பொறியியல் மாணவி

பதில்: சிஸ்டத்தில் ஒரு கோளாறும் இல்லை. உபுண்டு பதிப்பு இரண்டையும் எழுதியது ரொம்ப நல்லதாயிற்று, விடை அதில்தான் இருக்கிறது. உபுண்டுவில் சி புரோகிராம்களுக்கெல்லாம் அடியில் இருப்பது ஜிலிப்சி என்ற லைப்ரரி, அதாவது ஆயத்த ஃபங்ஷன்களின் தொகுப்பு. முன்பு த்ரெட் ஃபங்ஷன்கள் லிப்பித்ரெட் என்ற தனி லைப்ரரியில் இருந்தன. 2021 ஆகஸ்டில் வந்த ஜிலிப்சி 2.34-இல் அவற்றை மூல லைப்ரரிக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள். உங்கள் வீட்டில் இருப்பது 2.35, லேபில் 2.31. அதனால் வீட்டில் கேட்காமலே கிடைப்பதை லேபில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

பில்ட் செய்யும் ஜிசிசி (சி கம்பைலர்) கட்டளையில் ‘-பித்ரெட்’ சேருங்கள், சரியாகிவிடும். வீட்டிலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், புது பதிப்பில் அதனால் எந்தத் தொந்தரவும் வராது.

ஹெடர் சேர்த்தும் ஏன் என்கிறீர்கள். இப்படி ஒரு ஃபங்ஷன் உண்டு, இன்னின்ன ஆர்குமென்ட் வாங்கும் என்று கம்பைலருக்குச் சொல்வதோடு ஹெடரின் வேலை முடிந்தது. அந்த ஃபங்ஷன் உண்மையில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பது லிங்கர். திரையில் கடைசி வரியைப் பாருங்கள்: ‘கலெக்ட்2: எரர்: எல்டி ரிட்டர்ன்ட் 1 எக்ஸிட் ஸ்டேட்டஸ்’ என்று இருக்கும். எல்டிதான் லிங்கர். அந்தப் பெயர் வந்துவிட்டால் கம்பைல் முடிந்துவிட்டது என்று அர்த்தம். இதற்காக உபுண்டுவையே அழித்து மறுபடி போடும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. தயவுசெய்து அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

கேள்வி: வர்க்கமூலம் காணும் ‘ஸ்க்வர்ட்’ ஃபங்ஷனுக்கு 2.0 என்று நேராகக் கொடுத்தால் வேலை செய்கிறது. ஸ்கேன்எஃப்பில் வாங்கிய எண்ணைக் கொடுத்தால் அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ். ‘-எல்எம்’ போட்டும் போகவில்லை.

பதில்: 2.0 மாறாத எண் என்பதால் கம்பைலரே கணக்கைப் போட்டு விடையை எழுதிவிடுகிறது, லைப்ரரியைத் தொடுவதே இல்லை. எண் புரோகிராம் ஓடும்போதுதான் தெரியவரும் என்றால் கணித ஃபங்ஷன்கள் இருக்கும் லிப்எம் வேண்டும்; ‘-எல்எம்’ என்பது அதைக் கேட்பதுதான். அது இன்றைக்கும் தனி லைப்ரரிதான், ஜிலிப்சி 2.34-இல் அதைச் சேர்க்கவில்லை.

‘-எல்எம்’மை உங்கள் கோப்பின் பெயருக்கு முன்னால் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். லிங்கர் இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டு போகும். லைப்ரரியைத் தாண்டும்போது அதுவரை படித்த கோப்புகளுக்கு அதிலிருந்து எதுவும் தேவைப்படாவிட்டால் அதை விட்டுவிடும். உபுண்டு 11.10 முதல், புரோகிராம் ஓடும்போது சேர்க்கப்படும் டைனமிக் லைப்ரரிக்கும் இதுதான் வழக்கம். எனவே முதலில் கோப்பு, அப்புறம் ‘-எல்எம்’.

கேள்வி: ‘கேனாட் ஃபைண்ட் -எல்எஸ்எஸ்எல்’ என்று வருகிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க லைப்ரரி) ஏற்கெனவே இருக்கிறதே?

பதில்: இருப்பது, புரோகிராம் ஓடுவதற்கான பகுதி மட்டும். லிங்கர் தேடுவது லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ என்ற, பதிப்பு எண் ஒட்டாத பெயரை. அது புரோகிராம் எழுதுகிறவர்களுக்கான டெவ் பேக்கேஜில்தான் வரும். லிப்எஸ்எஸ்எல்-டெவ் நிறுவிவிட்டு மறுபடி பில்ட் செய்யுங்கள்.