நாள்பட்ட வைரஸ் தொற்றை நோய் எதிர்ப்பு மண்டலம் எப்படிக் கட்டுப்படுத்துகிறது?

வைரஸ் மாதக்கணக்கில் உடம்பில் தங்கும்போது எதிர்ப்பு மண்டலம் சும்மாவா இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். சும்மா இல்லை, களைத்துப்போகிறது.

இதை நன்றாகக் காட்டியது சுண்டெலிகளைத் தொற்றும் எல்சிஎம்வி என்ற வைரஸ். அதன் ஆம்ஸ்ட்ராங் வகையைச் செலுத்தினால் சிடி8 டி செல்கள் என்ற வெள்ளணுக்கள் பெருகி, தொற்றிய செல்களைக் கொன்று, ஒன்றிரண்டு வாரத்தில் கதையை முடித்துவிடும். அதிலிருந்தே பிறந்த குளோன் 13 வகைக்கு ஒருசில அமினோ அமிலங்கள்தான் வித்தியாசம். ஆனால் அது ரத்தத்தில் இரண்டு மூன்று மாதம் நீடிக்கும், சிறுநீரகத்தில் அதற்கு மேலும்.

வைரஸ் புரதத்தை ஓயாமல் சந்திக்கும் டி செல்கள், எதிர்ப்பை இயக்கும் சமிக்ஞைப் புரதங்களை ஒவ்வொன்றாகச் சுரப்பதை நிறுத்தும். முதலில் ஐஎல்-2. அப்புறம் டிஎன்எஃப், கடைசியாக இன்டர்ஃபெரான் காமா. அவற்றின் மேற்பரப்பில் பிடி-1 என்ற தடுப்பு ஏற்பி நிறைந்துவிடும். 2006-இல் வெளியான ஆய்வில், இந்தத் தடையை ஆன்டிபாடியால் விலக்கியதும் களைத்த செல்கள் மறுபடி வேலை செய்தன, வைரஸும் குறைந்தது.

அப்படியானால் களைப்பு வெறும் கோளாறா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிடி-1-ஐத் தூண்டும் பிடி-எல்1 மரபணு இல்லாத எலிகளுக்குக் குளோன் 13 கொடுத்தபோது அவை இறந்தே போயின. காரணம், கட்டுப்பாடில்லாத எதிர்ப்புத் தாக்குதலால் வந்த திசுச் சேதம். தொற்றை ஒழிக்க முடியாத நிலையில், உடம்பைக் காக்கப் பிடித்த பிரேக் மாதிரிதான் இது.

மற்ற எதிர்ப்பு செல்களுக்கு உதவும் சிடி4 டி செல்களின் துணையும் முக்கியம். அவற்றை முன்கூட்டியே நீக்கிவிட்டால், குளோன் 13 ரத்தத்தை விட்டுப் போகவே போகாது.