வீக்கம் வற்றிவிட்டது, ஓட்டலாமா?

பந்தயக் குதிரைகளின் காயம், மருந்து, ஓய்வு பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும். அளவு எதுவும் சொன்னால் அது 500 கிலோ எடையுள்ள தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) குதிரைக்கு. மருந்தை எழுதித் தரவேண்டியது உங்கள் கால்நடை மருத்துவர்தான்.

சார், நாலு வயசுக் குதிரை. வேகமா ஓட்டின மறுநாள் காலையில முன்னங்கால் பின்பக்கம் லேசா வீங்கி, தொட்டா சூடா இருந்துச்சு. நொண்டல. ஐஸ் வெச்சதுல நாலாம் நாள் வீக்கம் வத்திடுச்சு. பதினஞ்சு நாள் கழிச்சு ஓட்டலாமா? (குதிரை பராமரிக்கும் சயீஸ், பெங்களூரு)

ஓட்டாதீர்கள். ஸ்கேன் பார்க்கும்வரை ட்ராட் (மெல்லோட்டம்) கூட வேண்டாம். டெண்டன் (சதையை எலும்போடு இணைக்கும் தசைநாண்) அடிபட்டால் நொண்டலை வைத்துக் கணக்குப் போடவே கூடாது. உள்ளே நார் அறுந்த குதிரைகூட சில நாளில் சாதாரணமாக நடக்கும். வலி போவது வேறு, ஆறுவது வேறு.

கையால் பார்க்கும் முறை இது. கால் ஊன்றியிருக்கும்போது டெண்டன் விறைத்திருக்கும், ஒன்றும் பிடிபடாது. காலைத் தூக்கி முழங்காலை மடக்கிக்கொள்ளுங்கள்; இப்போது அது தொளதொளவென்று வரும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, முழங்காலுக்குக் கீழிருந்து ஃபெட்லாக் (குளம்புக்கு மேலே உள்ள மூட்டு) வரை அங்குலம் அங்குலமாக வழித்துக்கொண்டு வாருங்கள். ஓரம் நறுக்கென்று கையில் தட்டுப்பட வேண்டும். எங்காவது உருண்டு மெத்தென்று இருந்து, அங்கே குதிரை காலை வெடுக்கென்று இழுத்தால் அதுதான் இடம். அடுத்த காலையும் அதேபோல் தடவிப் பார்த்து ஒப்பிடுங்கள். பேண்டேஜ் பிரித்த கையோடு பார்க்காதீர்கள். கட்டு வீக்கத்தை அமுக்கி வைத்திருக்கும். அரைமணி விட்டுப் பாருங்கள்.

அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சரியான நேரம் அடிபட்ட ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரை. முதல் சில நாள் உள்ளே ரத்தக் கசிவும் அழற்சியும் சேர்ந்து காயத்தைப் பெரிதாக்கிக்கொண்டே இருக்கும். முதல் நாளே ஸ்கேன் எடுத்துவிட்டு ‘சின்னதுதான்’ என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஐஸ் வைத்தது சரி. முதல் இரண்டு மூன்று நாள், தடவைக்கு 20 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு முறை. வெறும் ஐஸ் பையைவிட ஐஸ் போட்ட தண்ணீரில் கால் நிற்பது நல்லது, குளிர் சுற்றிலும் படும்.

ஸ்கேன்ல டெண்டன் நடுவுல கறுப்பா ஓட்டை மாதிரி தெரியுதுன்னு சொன்னாங்க. ஒரு வருஷம் ஆகுமாம். அவ்வளவு நாளும் லாயத்துலேயே கட்டிப்போடணுமா? (பங்குதாரர், சென்னை)

வேண்டாம், கட்டிப்போட்டால் கெடும். அறுந்த இடத்தில் முதலில் வளர்வது தாறுமாறாகக் கிடக்கும் வலுவில்லாத நார். அது கால் நீளத்துக்கு ஒழுங்காகப் படிய வேண்டுமென்றால் அளவான பாரம் விழ வேண்டும். பாரம் கூடினால் மறுபடி அறுகிறது, பாரமே இல்லையென்றால் வெறும் தழும்பாகிறது. அந்த நடு அளவுக்குத்தான் அட்டவணை.

பரவலாகக் கையாளப்படும் ஒன்று இப்படிப் போகும். முதல் இரண்டு வாரம் லாயம் மட்டும். மூன்றாம் வாரம் நாளுக்கு 10 நிமிடம் கையில் பிடித்து நடை; வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டினால் எட்டாம் வாரம் 35 நிமிடம் வரும். 12ஆம் வாரம் வரை 40, 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். 13ஆம் வாரத்தில் 40 நிமிட நடையோடு 5 நிமிடம் ட்ராட். நாலு வாரத்துக்கு ஒருமுறை நடையில் 5 நிமிடம் குறைத்து ட்ராட்டில் 5 கூட்டுங்கள். 33ஆம் வாரம் வாக்கில் கேன்டர் (ட்ராட்டைவிட வேகமான தாவல் ஓட்டம்), 40 தாண்டியபின் மெல்ல மெல்ல வேகம். பந்தயம் என்ற பேச்சு 48ஆம் வாரத்துக்குப் பிறகுதான். ஒவ்வொரு படி ஏறுமுன்பும் ஸ்கேன். டெண்டனின் குறுக்குவெட்டுப் பரப்பு முந்தைய ஸ்கேனைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தால் ஒரு படி இறங்கிவிடுங்கள், வெளியே வீக்கமே இல்லாவிட்டாலும். நடையெல்லாம் கெட்டியான சமதரையில். ஆழமான மணல் டெண்டனை இழுக்கும்.

பெரும்பாலும் கெடுவது ஐந்தாவது ஆறாவது மாதத்தில். கால் வற்றி அழகாகிவிடும், குதிரை துள்ளும், மாதச் செலவு ஏறிக்கொண்டே இருக்கும், சீசன் தேதியும் வந்துவிடும். அந்த நேரத்தில் பங்குதாரர் ட்ரெய்னரை நெருக்காமல் இருப்பதும் சிகிச்சைதான்.

மாட்டுக்குச் சூடு போடற மாதிரி குதிரைக் காலுக்கும் போட்டா சீக்கிரம் ஆறும்னு பழைய ஆட்கள் சொல்றாங்களே? பி.ஆர்.பி., ஸ்டெம் செல்னு ஊசி வேற சொல்றாங்க. (ஊட்டி)

சூடு வேண்டாம். இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்து 1983இல் வெளியிட்டார்கள். டெண்டன் ஆறுவதற்குச் சூடு உதவவில்லை. 1991இல் அங்கே கால்நடை மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி அதை நெறிக்குப் புறம்பானது என்றே அறிவித்தது. சூடு போட்ட குதிரை தேறியதென்றால், புண் ஆறும்வரை யாரும் அதை ஓட்டவில்லை என்பதுதான் காரணம். பி.ஆர்.பி.யும் (குதிரையின் ரத்தத்திலிருந்தே பிரித்துப் போடும் ஊசி) ஸ்டெம் செல்லும் தழும்பின் தரத்தைக் கூட்டி, மறுபடி அறும் வாய்ப்பைக் குறைக்கலாம். ஆனால் நாளைக் குறைக்காது. ‘ஊசி போட்டால் ஆறு மாசம் போதும்’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பியூட் பவுடர் தினமும் கொடுத்துட்டு ஓட்டினா என்ன தப்பு? மனுஷனும் மாத்திரை போட்டுட்டு வேலைக்குப் போறானே.

மாத்திரை போட்டவன் வலித்தால் உட்கார்ந்துகொள்வான். குதிரை மேல் ஆள் உட்கார்ந்திருக்கிறான். பியூட், அதாவது ஃபீனைல்பியூட்டசோன் என்ற வலி மருந்து, முதல் நாள் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம் வீதம் இரு வேளை, பிறகு 2.2 என்று இறக்குவது வழக்கம். 500 கிலோவுக்கு முதல் நாள் வேளைக்குச் சுமார் 2 கிராம், அடுத்து 1 கிராம். நாள் கணக்கில் நீட்டினால் இரைப்பைப் புண், பெருங்குடல் புண், சிறுநீரகக் கோளாறு எல்லாம் வரும். ஊசி மருந்தை ரத்தக் குழாயிலேயே ஏற்ற வேண்டும். வெளியே கசிந்தால் கழுத்துச் சதை அழுகும்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டிலும் இதே சிக்கல். வீக்கத்தை அடக்கும், கீழே இருக்கும் விரிசலை மறைக்கும். பிரிட்டனில் அந்த ஊசிக்குப் பின் 14 நாள் பந்தயத் தடை வைத்திருப்பது இதனால்தான்.

லாய ஓய்வுல இருக்கிற குதிரை கதவை உதைக்குது, வெளிய எடுத்தா ரெண்டு கால்ல நிக்குது. என்ன செய்ய?

ஓட்ஸை நிறுத்துங்கள். ஓடும் குதிரைக்குக் கொடுத்த தீனியை நிற்கும் குதிரைக்கும் கொடுத்தால் அப்படித்தான் ஆடும். திரும்ப வேலைக்கு எடுக்கும் முதல் நாளே தசை பிடித்துக்கொண்டு, சிறுநீர் காப்பி நிறத்தில் போவதும் இதனால் வரும். கொள்ளும் வேண்டாம். காய்ந்த புல் 8 முதல் 10 கிலோ, நாலைந்து தடவையாகப் பிரித்து. குதிரை மசால் கைப்பிடி அளவு. உப்பு 30 கிராம். தண்ணீர் எவ்வளவு குடிக்கிறது என்று வாளியில் அளந்து பாருங்கள். சாணியையும் எண்ணுங்கள்: நாளுக்கு எட்டுப் பத்து முறை போட வேண்டிய குதிரை நாலாகக் குறைத்தால், உருண்டை காய்ந்து சிறுத்தால், பெருங்குடல் அடைக்கப் போகிறது. அசையாமல் நிற்கும் குதிரைக்கு இது சாதாரணமாக வரும்.

முதல் தடவை வெளியே எடுக்கும்போது ஆசிப்ரோமசின் (அமைதிப்படுத்தும் மருந்து) கொடுத்து, இரண்டு ஆள் பிடித்து, மைதானம் காலியான பிறகு கூட்டிப்போங்கள். ஒரு துள்ளலில் மூன்று மாத வேலை வீணாகும்.

கால் உடைஞ்சா ஏன் சுட்டுடறாங்க? இவ்வளவு மருத்துவம் வந்தும் முடியலையா?

எல்லா முறிவுக்கும் அப்படி இல்லை. கேனன் எலும்பின் (முழங்காலுக்கும் ஃபெட்லாக்குக்கும் நடுவே உள்ள எலும்பு) கீழ்முனையில் வெளிப்பக்கம் விலகாத விரிசல் என்றால் இரண்டு மூன்று ஸ்க்ரூ போட்டு, இரண்டு மாதம் லாயம், பிறகு கைநடை, பிறகு வெளியே விட்டு, பல குதிரைகள் திரும்ப ஓடியிருக்கின்றன.

நொறுங்கினால்தான் சிக்கல். முழங்காலுக்குக் கீழே சதையே கிடையாது. தோல், டெண்டன், எலும்பு அவ்வளவுதான். ரத்த ஓட்டம் குறைவு, எலும்பு தோலைக் கிழித்தால் சீழ் நிச்சயம். படுக்கவைத்துக் குணப்படுத்தவும் முடியாது. மூன்று காலில் நின்றால் நல்ல காலின் குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் படலம் பாரம் தாங்காமல் பிரியும், அதுதான் லாமினைட்டிஸ். அமெரிக்கப் பந்தயக் குதிரை பார்பரோ 2006 மே மாதம் அங்கே ப்ரீக்னஸ் பந்தயத்தில் வலது பின்னங்காலை உடைத்துக்கொண்டது. நியூ போல்டன் என்ற கால்நடை மருத்துவமனையில் பிளேட்டும் 27 ஸ்க்ரூவும் போட்டார்கள். ஜூலையில் இடது பின்னங்காலில் லாமினைட்டிஸ் வந்தது. 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்ய வேண்டியதாயிற்று. 1975இல் ரஃபியன் என்ற அமெரிக்கப் பந்தயக் குதிரை அறுவை முடிந்து மயக்கம் தெளியும்போது உதறியே காலை மறுபடி உடைத்துக்கொண்டது. இன்று சில மருத்துவமனைகளில் குதிரையைத் தண்ணீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு மயக்கம் தெளிவிக்கிறார்கள்.

ஆகவே ஒரு காலில் கட்டுப் போட்டால் மறு காலைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஃபெட்லாக்கின் பின்பக்கம் இரு ஓரத்திலும் விரல் வைத்து நாடி பாருங்கள், காலை மாலை இரண்டு வேளை. நாடி துள்ளித் துடித்தால் அன்றே மருத்துவரைக் கூப்பிடுங்கள். மைதானத்தில் முன்னங்கால் முறிவு என்றால் ஸ்ப்ளின்ட் (காலை அசையாமல் பிடிக்கும் மட்டை) கட்டாமல் நகர்த்தக் கூடாது. வண்டியில் பின்பக்கம் பார்த்து நிறுத்துங்கள். பிரேக் போடும்போது பாரம் பின்னங்காலுக்குப் போகும்.

ரெண்டு மாசம் நல்லா ஓய்வு கொடுத்துட்டு வந்த குதிரை, வந்த மூணாம் வாரமே எலும்பு முறிஞ்சது. ஓய்வு கொடுத்தது தப்பா?

ஓய்வு தப்பில்லை, திரும்பி வந்த வேகம் தப்பு. கடுமையாக ஓடும் எலும்பில் நுண் விரிசல் சேரும். ஓய்வு கிடைத்ததும் உடம்பு பழுதுபார்க்கத் தொடங்கும். முதலில் கெட்ட எலும்பை அரித்து எடுக்கும், பிறகுதான் நிரப்பும். அரிப்பது வாரக் கணக்கு, நிரப்புவது மாதக் கணக்கு. இடைப்பட்ட காலத்தில் எலும்பு துளைபட்டிருக்கும். கலிபோர்னியாவில் நடந்த ஆய்வில், இரண்டு மாதமோ அதற்கு மேலோ ஓய்வெடுத்துவிட்டு வந்த குதிரைகளுக்குத் திரும்பிய சில வாரத்திலேயே தோள் பக்கத்து ஹியூமரஸ் எலும்பு முறிவது கூடுதலாகத் தெரிந்தது. நான் சொல்லும் கணக்கு: எத்தனை வாரம் நின்றதோ, முழு வேகத்துக்கு வர அத்தனை வாரம். மூச்சும் சதையும் சீக்கிரம் தேறிவிடும், எலும்பு தேறாது. ஜாக்கி ‘வண்டி ரெடி சார்’ என்று சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ரெண்டு வயசுக் குட்டிக்கு முன்னெலும்பு வீங்கித் தொட விடல.

ஷின் (கேனன் எலும்பின் முன்பக்கம்) வலி. வேகத்தை நிறுத்தி, வலி போகும்வரை நடை. திரும்ப எடுக்கும்போது நீண்ட மெதுவான கேன்டரைக் குறைத்து, வாரத்தில் இரண்டு நாள் 200 மீட்டர் அளவில் சின்ன வேக ஓட்டம் கொடுங்கள். எலும்பு எந்த வேகத்துக்குப் பழகுகிறதோ அதற்குத்தான் கெட்டிப்படும்.

ஓடி முடிச்சதும் மூக்குல ரத்தம் வந்தா?

இரண்டு துவாரத்திலும் வந்தால் நுரையீரலிலிருந்து. ஆஸ்திரேலிய விதிப்படி முதல் தடவைக்கு மூன்று மாதம் பந்தயம் கிடையாது, இரண்டாவது தடவை வந்தால் ஆயுளுக்கும் கிடையாது. ஒரே துவாரம் என்றால் மூக்கிலேயே காரணம் இருக்கலாம். எண்டோஸ்கோப் விட்டுப் பாருங்கள்.

டெண்டன் குதிரையை நீச்சலுக்கு விடலாமா?

முதல் மூன்று மாதம் வேண்டாம். தண்ணீரில் பாரம் இல்லை, ஆனால் இறங்கும்போதும் ஏறும்போதும் சரிவில் வழுக்கி எத்தும். அதற்குப் பிறகு மூச்சுக்காக இரண்டு மூன்று நிமிடம் விடலாம். நடை அட்டவணையோடு கூடுதலாகத்தான், அதற்குப் பதிலாக இல்லை.