வாசகர் கேள்வி-பதில்: வானத்து விண்மீனும் ஜாதகத்து நட்சத்திரமும்

கேள்வி: நான் டிசம்பர் 5ஆம் தேதி பிறந்தவன். அன்று சூரியன் நின்ற ராசி மேற்கத்திய முறையில் தனுசு என்றும், நம் ஜோதிடக் கணக்கில் விருச்சிகம் என்றும் வருகிறது. வானியல் செயலியோ இரண்டையும் விட்டு வேறொரு விண்மீன் கூட்டத்தைக் காட்டுகிறது. எது உண்மையான நிலை?

பதில்: சூரியன் நின்ற இடம் ஒன்றுதான், அந்த இடத்தை எங்கிருந்து அளக்கத் தொடங்குவது, வான்பாதையை எப்படிப் பகுப்பது என்பவற்றில்தான் மூன்று முறைகளும் வேறுபடுகின்றன. மேற்கத்தியர் பெரும்பாலும் பின்பற்றும் சாயன முறை, மார்ச் மாதத்தில் பகலும் இரவும் சமமாகும் வேளையில் சூரியன் நிற்கும் புள்ளியை மேஷத்தின் தொடக்கமாகக் கொள்கிறது. அதற்குப் பருவங்களோடுதான் தொடர்பு, விண்மீன்களோடு இல்லை. பூமியின் அச்சு மிக மெதுவாகத் திசை மாறுவதால் அந்தப் புள்ளி ஆண்டுக்கு ஏறத்தாழ 50 விகலை (ஒரு பாகைக்கு 3,600 விகலை), அதாவது சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம், விண்மீன்களிடையே பின்னோக்கி நகர்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ், சித்திரை (ஸ்பைகா) விண்மீனுக்குத் தமக்கு முந்தையோர் குறித்து வைத்த அளவைத் தம் அளவோடு ஒப்பிட்டே இதை உணர்ந்தார். நம் நிராயன முறை இந்த நகர்வை அயனாம்சம் என்ற பெயரில் கழித்துவிட்டு, விண்மீன்களை ஒட்டிய ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ணுகிறது. இந்தியாவில் பரவலாக வழங்கும் லாகிரி அயனாம்சக் கணக்கின்படி அந்தக் கழிவு இப்போது 24 பாகையைச் சற்றுத் தாண்டியுள்ளது. உங்கள் தனுசு விருச்சிகமாக மாறியது இதனால்தான்.

செயலி காட்டுவது மூன்றாவது பகுப்பு. சர்வதேச வானியல் ஒன்றியம் வானத்தை 88 விண்மீன் கூட்டங்களாக வரையறுத்து, அவற்றின் எல்லைகளை 1930இல் வெளியிட்டது. அவ்வெல்லைகளின்படி நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் 17 வாக்கில் வரை சூரியன் சர்ப்பதாரி எனப்படும் ஓபியூக்கஸ் கூட்டத்தில் இருக்கிறது. இதே எல்லைகளில் கன்னியைக் கடக்கச் சூரியனுக்கு ஏறத்தாழ 45 நாள்கள் பிடிக்கும். விருச்சிகத்துக்கு ஒரு வாரம் போதும். விண்மீன்களை அப்படியே பின்பற்றும் ஜோதிடம் வேண்டுமென்றால், பதின்மூன்றாவது ராசியாகிவிடும் சர்ப்பதாரிக்கு எந்தக் கிரகம் அதிபதி, ஒரு வாரமே நீளும் ராசிக்கு உச்சமும் நீசமும் எங்கே என்பனவற்றையெல்லாம் புதிதாகக் கற்பித்தாக வேண்டும். அந்த எல்லைகளும் வானியலாளர்கள் தங்கள் பட்டியல் வசதிக்காக வரைந்த கோடுகளே என்பதையும் மறந்துவிடக் கூடாது.

கேள்வி: அப்படியானால் நிராயன முறையிலாவது, திருவாதிரையில் பிறந்தவர் என்றால் பிறந்த வேளையில் சந்திரன் திருவாதிரை விண்மீனுக்கு நேராக நின்றது என்று கொள்ளலாமா?

பதில்: கொள்ள முடியாது. ஜாதகத்தில் வரும் நட்சத்திரம் என்பது 13 பாகை 20 கலை (ஒரு பாகைக்கு 60 கலை) நீளமுள்ள சமக் கூறு. வானத்தின் விண்மீன்கள் அப்படிச் சம இடைவெளியில் அமைந்தவை அல்ல. லாகிரி கணக்கில் திருவாதிரைக் கூறு 66 பாகை 40 கலையில் தொடங்குகிறது, ஆனால் திருவாதிரை விண்மீனோ ஏறத்தாழ 65ஆம் பாகையில், மிருகசீரிடக் கூற்றுக்குள் இருக்கிறது. சுவாதி இன்னும் வியப்பானது: அந்த ஒளிமிக்க விண்மீன் வடக்கே வெகுதொலைவில் இருந்தாலும், தீர்க்கரேகையில், அதாவது சூரியனின் வான்பாதை வழியே அளக்கும் தொலைவில், சித்திரை விண்மீனிலிருந்து அரைப் பாகைகூட விலகவில்லை, ஆகவே அது சித்திரைக் கூற்றில்தான் விழுகிறது. ரோகிணியும் மகமும் தத்தம் கூறுகளுக்குள்ளேயே பொருந்தியிருக்கின்றன.

இதைவிடச் சிக்கலானது தொடக்கப் புள்ளியே. இயற்பியலாளர் மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைந்த நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, சித்திரை விண்மீன் ஏறத்தாழ 180ஆம் பாகையில் அமையும்படியான அயனாம்சத்தைத் தேர்ந்தது. ஜோதிடர் பி.வி. ராமன் கையாண்ட அயனாம்சம் அதைவிட ஏறத்தாழ ஒன்றரைப் பாகை குறைவு. இது சிறிய வேறுபாடு அல்ல. சந்திரன் இந்தத் தொலைவைக் கடக்க மூன்று மணி நேரத்துக்கு நெருக்கமாக ஆகுமாதலால், கூற்றின் விளிம்பில் பிறந்தவரின் நட்சத்திரமே மாறிவிடும். மாறாதவருக்கும், ஒவ்வொரு கிரகமும் ஆள்வதாகக் கொள்ளும் தசைக் காலங்கள் இடம் பெயரும். பரணியில் பிறந்தவருக்கு 20 ஆண்டுச் சுக்கிர தசையின் இருப்பு இரண்டு ஆண்டுக்கும் மேல் வேறுபடும். திருமணம் எப்போது என்று கேட்கிறவருக்கு இது எத்தனை முக்கியமானது என்று சொல்ல வேண்டியதில்லை. தம் ஜாதகத்தை எந்த அயனாம்சத்தில் கணித்தார்கள் என்று கேட்கிறவர்களோ மிகக் குறைவு!

கேள்வி: விண்மீன்களின் நிலையைத் துல்லியமாகக் கணித்துவிட்டால் பலனும் துல்லியமாகிவிடாதா?

பதில்: கணிதத்தின் துல்லியம் பலனுக்குச் சான்றாகாது. 2008இல் வானியலாளர் ஜயந்த் நார்லிகர் புனேயில் நடத்திய சோதனையில், அறிவுத்திறன் மிக்க குழந்தைகள், மனவளர்ச்சிக் குறைபாடுடைய குழந்தைகள் ஆகியோரின் ஜாதகங்களைப் பிரித்துக் காட்டும்படி ஜோதிடர்களிடம் கேட்டார்கள். ஆளுக்கு 40 ஜாதகங்கள் பெற்று விடை அனுப்பிய 27 பேரின் சராசரி வெற்றி 46 சதவீதம். நாணயத்தைச் சுண்டிப் போட்டாலே 50 சதவீதம் எதிர்பார்க்கலாம். விண்மீன் கூட்டங்களின் எல்லைப்படி கணிக்கும் புதிய முறையினரும் தங்கள் முறையே மேலானது என்று சொல்வதானால், இத்தகைய சோதனைக்கு முன்வந்து மற்ற முறைகளைவிடக் கூடுதல் வெற்றி காட்ட வேண்டும். செயலியின் வானப் படத்தோடு ஜாதகம் ஒத்துப்போகிறது என்பது மட்டும் அதற்குப் போதாது.