அமெரிக்கா பிறந்தபோது திருச்சபை எங்கே நின்றது?

அமெரிக்க ஐக்கிய நாடுகள் உருவானதில் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு இருந்த பங்கு பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்.

அமெரிக்கா கிறிஸ்தவ தேசமாகவே நிறுவப்பட்டது என்கிறார் எங்கள் சபைப் போதகர். கல்லூரியில் படிக்கும் என் மகளோ, அதன் அரசியல் சாசனத்தில் கடவுள் பெயரே கிடையாது என்கிறாள். யார் சொல்வது சரி?
— வாசகர், நாகர்கோவில்

மகள் சொல்வதை சாசனத்தைப் பிரித்துவைத்தே சரிபார்த்துவிடலாம். 1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அந்தச் சாசனத்தின் கடைசியில் தேதி போடும்போது ‘நம் ஆண்டவருடைய வருடம்’ என்று வருகிறது. அது அக்காலத்தில் எல்லாப் பத்திரங்களிலும் இருந்த வழக்கம். மசோதாவைத் திருப்பியனுப்ப ஜனாதிபதிக்குக் கொடுத்த பத்து நாள் கெடுவில் ஞாயிற்றுக்கிழமையைச் சேர்க்கக் கூடாது என்று ஒரு குறிப்பும் உண்டு. மதத்தை நேரடியாகப் பேசுவது ஆறாம் பிரிவு மட்டும்தான். அதுவும் எந்த மத்திய அரசுப் பதவிக்கும் மதத் தகுதி கேட்கக் கூடாது என்று தடை போடுவதற்காக. பதவியேற்பவர் சத்தியம் செய்யலாம், அல்லது வெறும் உறுதி கூறலாம் என்று அதே பிரிவு இடம் விடுகிறது. ‘சத்தியம் பண்ணவேண்டாம்’ என்ற மத்தேயு 5:34-ஐ அப்படியே கடைப்பிடித்த குவேக்கர் போன்ற சபையாருக்கு இது பெரிய நிம்மதி.

போதகர் கையில் எடுக்கக்கூடியது 1776 ஜூலை 4-ஆம் தேதிய சுதந்திரப் பிரகடனம். அதில் இறைவன் நான்கு இடங்களில் வருகிறார்: இயற்கையின் கடவுள், சிருஷ்டிகர், உலகத்தின் நியாயாதிபதி, தெய்வப் பராமரிப்பு. கடைசி இரண்டும் பிரகடனத்தை முதலில் எழுதிய ஜெபர்சனின் வரைவில் இல்லாதவை, காலனிப் பிரதிநிதிகளின் அவையான காங்கிரஸ் சேர்த்தவை. கிறிஸ்துவின் பெயர் எங்கும் இல்லை. கையெழுத்திட்ட 56 பேரில் ஊழியத்தில் இருந்த போதகர் ஒரே ஒருவர், பிரஸ்பிட்டேரியன் சபையின் ஜான் விதர்ஸ்பூன். பின்னாளில் சாசனத்தை வடிவமைத்த ஜேம்ஸ் மேடிசன், விதர்ஸ்பூன் தலைமையில் இருந்த பிரின்ஸ்டன் கல்லூரியில் படித்தவர்.

மக்களில் மிகப் பெரும்பாலோர் புராட்டஸ்டண்டுகள். அவர்களுடைய பேச்சும் பள்ளிக்கூடமும் வேதாகமத்தில் ஊறியவை. இருந்தும் மத்திய அரசுக்கு ஒரு மதத்தை அவர்கள் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்று உரத்த குரலில் கேட்டவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் ஆழ்ந்த விசுவாசிகள். இந்த விஷயத்தில் பலரும் தவறவிடுவது இதைத்தான்.

சாசன மாநாடு முறியும் நிலைக்கு வந்தபோது பெஞ்சமின் பிராங்க்ளின் எல்லோரையும் ஜெபிக்க வைத்தார், அதன் பிறகே உடன்பாடு ஏற்பட்டது என்று படித்தேன். உண்மையா?
— வாசகி, பாளையங்கோட்டை

பாதி உண்மை. 1787 ஜூன் 28 அன்று, 81 வயதான பிராங்க்ளின், தினமும் ஜெபத்தோடு கூட்டத்தைத் தொடங்கலாம் என்று முன்மொழிந்தார். இத்தனை நாள் கழித்து திடீரென்று போதகரை அழைத்தால், உள்ளே ஏதோ தகராறு என்று ஊர் நினைக்கும் என்றார்கள் சிலர். போதகருக்குக் கொடுக்கப் பணமில்லை என்றார் ஒருவர். வாக்கெடுப்பே நடக்காமல் கூட்டம் கலைந்தது. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்று கருதினார்கள் என்று பிராங்க்ளினே தம் உரைப் பிரதியில் குறித்துவைத்திருக்கிறார்.

ஜெபம் நடந்தது வேறொரு கூட்டத்தில். 1774 செப்டம்பர் 7 அன்று, முதல் காங்கிரஸில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருவான ஜேக்கப் டூஷே 35-ஆம் சங்கீதத்தை வாசித்தார். கேட்டவர்கள் உருகிப்போனதை ஜான் ஆடம்ஸ் தம் மனைவிக்கு எழுதினார். அதே டூஷே 1777-இல் மனம் மாறி, பிரகடனத்தைத் திரும்பப் பெறச் செய்யுங்கள் என்று வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதியதைப் பலர் சொல்வதில்லை.

அதிகாரமுள்ளவர்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது ரோமர் 13. பிறகு அவர்கள் ராஜாவுக்கு எதிராக எழுந்தது எப்படி?
— வாசகர், தரங்கம்பாடி

அன்று அங்கே பிரசங்க பீடங்களில் சூடாக விவாதிக்கப்பட்ட வேதாகம அதிகாரமே இதுதான். 1750-இல் பாஸ்டன் போதகர் ஜோனத்தன் மேஹ்யூ இதை விளக்கிய விதம் பரவலாக அச்சேறியது. ஆளுகிறவன் நன்மைக்கென்று தேவனுடைய ஊழியக்காரன் என்று நான்காம் வசனம் சொல்கிறது. நன்மை செய்யாமல் கொடுமை செய்கிறவன் அந்தப் பெயருக்கு உரியவன் அல்ல, அவனுக்குக் கீழ்ப்படியும் கடமையும் இல்லை என்றார் அவர். காங்கிரிகேஷனல், பிரஸ்பிட்டேரியன் போதகர்கள் பலர் இந்த வழியே போனார்கள்.

ஆங்கிலிக்கன் குருக்களின் நிலைமைதான் சங்கடமானது. குருப்பட்டம் பெறும்போதே மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தவர்கள். ஜெபப் புத்தகத்தில் மன்னருக்கான ஜெபம் அச்சிலேயே இருந்தது. அதை வாசித்தால் ஊரார் அடிக்க வந்தார்கள், விட்டால் பிரமாணம் முறிந்தது. பலர் கோவிலைப் பூட்டினார்கள், சிலர் இங்கிலாந்துக்கே திரும்பினார்கள். குவேக்கர்கள் எந்தப் பக்கமும் ஆயுதம் எடுக்க மறுத்தார்கள். மெதடிஸ்ட் இயக்கத்தின் ஜான் வெஸ்லி 1775-இல் கிளர்ச்சிக்கு எதிராகவே எழுதினார். ஆகவே ‘கிறிஸ்தவர்கள் புரட்சி செய்தார்கள்’ என்று மொத்தமாகச் சொல்ல முடியாது.

அங்கே ‘சபை வரி’ இருந்ததாமே? எப்படி வசூலித்தார்கள், ஏன் ஒழிந்தது?
— வாசகர், திண்டுக்கல்

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வோம், கதை முழுவதும் அங்கேதான் திரும்புகிறது. ஆங்கிலிக்கன் குருவின் சம்பளம் ஆண்டுக்கு 16,000 பவுண்டு எடை புகையிலை என்று 1696-ஆம் ஆண்டுச் சட்டம் நிர்ணயித்தது. ஒவ்வொரு பங்கிலும் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள பகுதி) பன்னிரண்டு பேர் கொண்ட சபைக்குழு கூடி, குருவின் சம்பளம், கோவில் பழுது, ஏழைகள் பராமரிப்பு எல்லாவற்றையும் கூட்டும். வந்த தொகையைப் பங்கில் உள்ள வரித்தலைகளின் எண்ணிக்கையால் வகுக்கும். 16 வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் வரித்தலைகள், அடிமைகளானால் பெண்களும். நீங்கள் பாப்திஸ்து சபைக்குப் போனாலும் ஆங்கிலிக்கன் குருவுக்குப் புகையிலை அளந்தாக வேண்டும்.

1758-இல் விளைச்சல் பொய்த்து, பவுண்டு புகையிலை ஏறக்குறைய ஆறு பென்ஸுக்கு ஏறியது. பவுண்டுக்கு இரண்டு பென்ஸ் வீதம் காசாகக் கொடுத்தால் போதும் என்று சட்டமன்றம் விதித்தது. குருக்கள் லண்டனுக்கு முறையிட, மன்னர் அதை ரத்து செய்தார். பாக்கியைக் கேட்டு ஜேம்ஸ் மௌரி என்ற குரு வழக்குப் போட்டார். 1763 டிசம்பரில் எதிர்த்தரப்புக்கு வாதாடிய 27 வயது பேட்ரிக் ஹென்றி, மக்களின் நல்ல சட்டத்தை ரத்து செய்யும் மன்னர் கீழ்ப்படிதலுக்கான உரிமையை இழக்கிறார் என்று முழங்கினார். ஜூரிகள் குருவுக்குக் கொடுத்த நஷ்ட ஈடு ஒரு பென்னி.

1768 முதல் உரிமம் வாங்காமல் பிரசங்கித்த பாப்திஸ்து போதகர்களைச் சிறையில் அடைத்தார்கள். 1774-இல், பக்கத்து மாவட்டச் சிறையில் ஐந்தாறு பேர் கிடப்பதைப் பற்றி இளைஞர் மேடிசன் கொதித்து எழுதிய கடிதம் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் 1784-இல் அதே பேட்ரிக் ஹென்றி புதிய மசோதாவோடு வந்தார். எல்லோரும் வரி கட்டட்டும், எந்தக் கிறிஸ்தவச் சபைக்குப் போக வேண்டும் என்பதை அவரவர் குறிப்பிடட்டும், குறிப்பிடாதவர் பணம் கல்விக்குப் போகட்டும் என்றார். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். மேடிசன் எதிர்த்தார்: எல்லா மதங்களையும் தள்ளிவிட்டு கிறிஸ்தவத்தை நிலைநாட்ட அரசுக்கு முடியுமானால், மற்றச் சபைகளைத் தள்ளிவிட்டு ஒரே ஒரு சபையை நிலைநாட்டவும் முடியும். அவர் எழுதிய மனுவில் 1,500-க்குச் சற்று அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். இந்த வரி சுவிசேஷத்தின் ஆவிக்கே விரோதமானது என்று விசுவாசிகள் அனுப்பிய இன்னொரு மனுவிலோ ஏறக்குறைய 4,900 கையெழுத்துகள். தங்களுக்கும் பங்கு கிடைக்கும் பணத்தை வேண்டாம் என்றார்கள் பாப்திஸ்துகள். மசோதா விழுந்தது. ஜெபர்சன் முன்பே எழுதிவைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டம் 1786 ஜனவரி 16 அன்று நிறைவேறியது. அதன் முகவுரையில் இயேசு கிறிஸ்துவின் பெயரைச் சேர்க்க வந்த திருத்தமும் தோற்றது.

1789-இல் மேடிசன் காங்கிரஸுக்குப் போட்டியிட்டபோது, மனச்சாட்சி உரிமையைச் சாசனத்தில் சேர்ப்பதாகப் பாப்திஸ்து போதகர் ஒருவருக்கு எழுதிக் கொடுத்தார். ஜேம்ஸ் மன்றோவை 1,308-க்கு 972 என்று வென்றார். ஜூன் 8 அன்று திருத்தங்களை அவையில் வைத்தார். அதிலிருந்து வந்ததுதான், அரசு மதத்தை நிறுவவோ மத வழிபாட்டைத் தடுக்கவோ காங்கிரஸ் சட்டம் போடக் கூடாது என்று 1791 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்த முதல் திருத்தம்.

முதல் திருத்தம் வந்த பிறகும் மாசசூசெட்ஸில் சபை வரி நீடித்தது எப்படி?
— வாசகி, தஞ்சாவூர்

அத்திருத்தம் காங்கிரஸை மட்டுமே கட்டியது. மாநிலங்களும் மனச்சாட்சி உரிமையை மீறக் கூடாது என்று மேடிசன் தனியாக ஒரு விதி கேட்டார். செனட் அதை நீக்கிவிட்டது. மாசசூசெட்ஸின் 1780-ஆம் ஆண்டுச் சாசனப்படி ஊர்கள் புராட்டஸ்டண்ட் போதகருக்கு வரி வசூலித்தன. வேறு சபைக்காரர் தம் பங்கைத் தம் போதகருக்குத் திருப்ப வேண்டுமென்றால் சான்றிதழ் வாங்கிக் கொடுக்க வேண்டும். அது செல்லாது என்று ஊர் அதிகாரி தள்ளினால் வழக்குக்கு அலைய வேண்டும்.

அந்த ஏற்பாட்டைக் கவிழ்த்தது அதற்குள்ளேயே இருந்த ஓட்டை. போதகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வரி கட்டும் ஊராருக்கு; திருவிருந்து எடுக்கும் சபை அங்கத்தினர் அதில் சிறுபான்மை. டெட்ஹாம் ஊரில் வரிகட்டிகள் திரித்துவ உபதேசத்திலிருந்து விலகிய ஒரு போதகரைத் தேர்ந்தெடுத்தார்கள். சபை அங்கத்தினரில் பெரும்பாலோர் வெளியேறினார்கள். கோவில் சொத்து வரி கட்டும் ஊராருக்கே, வெளியேறியவர்களுக்கு அல்ல என்று 1820-இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல ஊர்களில் இப்படிக் கோவிலை இழந்த பிறகு, பழைய விசுவாசத்தாரே வரியை எதிர்க்கத் தொடங்கினார்கள். 1833-இல் அது ஒழிந்தது.

அடிமைமுறையை அந்த விசுவாசம் தட்டிக் கேட்கவில்லையா?
— வாசகர், வேலூர்

கேட்டவர்கள் குறைவு. 1688-இலேயே பென்சில்வேனியாவின் ஜெர்மன்டவுனில் எழுத்து மூலம் கண்டனம் எழுந்தது. 1776-இல் பிலடெல்பியா குவேக்கர்கள், அடிமை வைத்திருப்பவரைச் சபையிலிருந்து விலக்கத் தீர்மானித்தார்கள். 1790-இல் குவேக்கர் மனுக்களோடு பிராங்க்ளின் கையெழுத்திட்ட மனுவும் காங்கிரஸுக்குப் போனது. ஜார்ஜியா உறுப்பினர் வேதாகமத்தைக் காட்டியே அடிமைமுறையை நியாயப்படுத்தினார். அடிமை இறக்குமதியை 1808 வரை தடுக்கக் கூடாது என்று சாசனமே எழுதிவைத்திருந்தது. இந்தக் களங்கத்தைச் சொல்லாமல் அந்நாட்டின் ‘விசுவாச அஸ்திவாரம்’ பற்றிப் பேசுவது நேர்மையாகாது.

நாணயத்தில் ‘கடவுளை நம்புகிறோம்’ என்று இருக்கிறதே?
— வாசகர், திருச்சி

அது உள்நாட்டுப் போர்க்காலத்து ஏற்பாடு. 1864-இல் இரண்டு சென்ட் நாணயத்தில் முதலில் வந்தது. தேசிய வாசகமானது 1956-இல். கொடி உறுதிமொழியில் கடவுள் சேர்ந்தது 1954-இல், சோவியத் நாத்திகத்தோடு மோதிய நாட்களில். நிறுவியவர்களுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

வாட்ஸ்அப்பில் வரும் மேற்கோள்களை எப்படிச் சரிபார்ப்பது?
— வாசகி, சென்னை

முதலில் தேதியும், யாருக்கு எழுதியது என்பதும் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். பிறகு ஆங்கில மூலத்தில் அடுத்தடுத்து வரும் ஐந்தாறு சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு ‘ஃபவுண்டர்ஸ் ஆன்லைன்’ தளத்தில் தேடுங்கள். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் இலவசமாக வைத்திருக்கும் இதில் வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெபர்சன், மேடிசன், ஹாமில்டன், பிராங்க்ளின் ஆகியோரின் கடிதங்கள் உள்ளன. கிடைத்தால் கடிதத்தை முழுவதும் படியுங்கள். நடுவில் புள்ளிகள் வைத்து வெட்டியதில்தான் பொருள் தலைகீழாகும். பத்துக் கட்டளைகளின் மேல் நாட்டை நிறுத்தினோம் என்று மேடிசன் பெயரில் சுற்றும் வாசகம் அவர் எழுத்தில் எங்கும் இல்லை.

அரசில் மதத்துக்கு இடமில்லை என்னும் எதிர்த்தரப்பும் தவறு செய்கிறது. அமெரிக்க அரசு ‘கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல’ என்ற வரி, வட ஆப்பிரிக்காவின் திரிப்போலியோடு செய்த 1797-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் உண்மையாகவே உண்டு. செனட் எதிர்ப்பின்றி ஏற்றது. ஆனால் அரபு மூலத்தில் அந்தப் பிரிவு இல்லை. 1805-இல் செய்த அடுத்த ஒப்பந்தத்தில் அந்த வரியும் இல்லை. அரசுக்கும் சபைக்கும் நடுவே சுவர் என்ற தொடரைச் சாசனத்தில் தேடாதீர்கள். ஜெபர்சன் 1802 ஜனவரி 1 அன்று கனெக்டிகட்டின் டான்பரி பாப்திஸ்துகளுக்கு எழுதிய பதிலில் வருவது அது. எங்கள் மதச் சுதந்திரம் உரிமையாக இல்லாமல் சலுகையாகவே கிடைக்கிறது என்று அவர்கள் முறையிட்டிருந்தார்கள். அந்த மாநிலம் அரசுச் சபையைக் கைவிட்டது 1818-இல்தான்.