தெர்மாமீட்டரில் காட்டாத காய்ச்சல்

கேள்வி: வயது 51. மாதவிலக்கு நின்று ஒன்றரை வருடமாகிறது. திடீர் திடீரென்று முகமும் கழுத்தும் பற்றி எரிகிறது. வியர்த்துக் கொட்டியதும் குளிரில் நடுங்குகிறேன். தெர்மாமீட்டரில் ஒன்றும் காட்டவில்லை. உள்காய்ச்சலாக இருக்கும் என்று தினமும் இரவில் பாராசிட்டமால் போடுகிறேன். இரவு வியர்வை ரத்தப் புற்றுநோயின் அறிகுறி என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. போன மாதம் இரண்டு நாள் லேசாக ரத்தம் பட்டது. சூடுதான் என்று வெந்தயம் சாப்பிட்டேன், நின்றுவிட்டது.
- வாசகி, ஈரோடு

பதில்: ரத்தப் புற்றுநோய் பயத்தை முதலில் இறக்கி வையுங்கள். அந்த வியர்வை பெரும்பாலும் தனியாக வராது. காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, கழுத்திலோ அக்குளிலோ நெறிகட்டுவது என்று ஏதாவது துணைக்கு இருக்கும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. மாதவிலக்கு நின்று ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்ததும் மூளையில் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதி சிடுசிடுப்பாகிவிடுகிறது. துளி சூடு ஏறினாலே உடம்பு கொதிக்கிறது என்று நினைத்து வியர்க்க வைக்கிறது. வியர்வை காயும்போது குளிர்கிறது, அவ்வளவுதான். உள்காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. பாராசிட்டமாலை இன்றே நிறுத்துங்கள். இல்லாத காய்ச்சலை அது எப்படி இறக்கும்? நிஜமாகவே காய்ச்சல் வந்தால் அதை மறைக்கத்தான் உதவும்.

சரி, போகிறபோக்கில் கடைசியில் எழுதினீர்களே, அந்த ரத்தம். என் கவலை அதுதான். மாதவிலக்கு நின்று 12 மாதம் கடந்த பிறகு ஒரு சொட்டு பட்டாலும் 'சூடு' என்று விடக் கூடாது. நின்றதற்கும் வெந்தயத்துக்கும் சம்பந்தமில்லை. திரும்ப வராவிட்டாலும் பார்த்தே ஆக வேண்டும். பத்தில் ஒன்பது பேருக்கு கர்ப்பப்பையின் உட்சுவர் மெலிவது, பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி போன்ற சாதாரணக் காரணம்தான். மீதிப் பேருக்குக் கர்ப்பப்பை உட்சுவர்ப் புற்றுநோயாக இருக்கலாம். ஆரம்பத்திலேயே இப்படி ரத்தமாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பெரும்பாலும் குணப்படுத்திவிட முடியும். அதற்கு நீங்கள் உடனே வந்து காட்ட வேண்டும்.

இந்த வாரமே பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் எடுத்து உட்சுவரின் தடிமனை அளப்பார்கள். 4 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் கொஞ்சம் திசு எடுத்துச் சோதிப்பார்கள். கூச்சப்பட்டு வயிற்று ஸ்கேனோடு திரும்பி வராதீர்கள். போன கையோடு தைராய்டும் பார்த்துவிடுங்கள், அதுவும் இப்படி வியர்க்க வைக்கும்.

அப்புறம், அனலுக்கு ஹார்மோன் மாத்திரை நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ரத்தம் ஏன் வந்தது என்று தெரியும்வரை, யார் சிபாரிசு செய்தாலும் அதைத் தொட வேண்டாம்.