கம்பெனி திவாலானா நம்ம ஷேர் என்னாகும்?

கேள்வி: ஐயா, எங்க வீட்டுக்காரர் ஷேர் வாங்கின கம்பெனி லிக்விடேஷனுக்கு போயிருச்சு. பணம் ஏதாவது வருமா, கடனுக்கு எங்களையும் பிடிப்பாங்களா?
– வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: பயப்படாதீங்கம்மா, முழுப் பணம் கட்டி வாங்கின ஷேர்னா கம்பெனி கடனுக்கு உங்க வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது. ஆனா பணம் வரும்னு நம்பி இருக்காதீங்க, அடமானம் வச்சிருக்கிற பேங்க், லிக்விடேட்டர் (கம்பெனியை மூடி, சொத்தை வித்து கடனை அடைக்கிறவர்) செலவு, தொழிலாளிங்க சம்பள பாக்கி, வரி, சரக்கு குடுத்தவங்கன்னு எல்லாரும் எடுத்த பிறகுதான் ஷேர் வச்சிருக்கவங்க முறை, அதுக்குள்ள பெரும்பாலும் சட்டி காலி. பிசினஸ் ரெஸ்க்யூ வேற, அது கம்பெனியை காப்பாத்த பாக்குற வழி, 2022ல டோங்காட் ஹியூலெட் சர்க்கரை கம்பெனி அந்த வழியிலதான் போச்சு. ஒண்ணு மட்டும் விட்டுடாதீங்க: ஷேர்காரங்களுக்கு எதுவும் தேறாதுன்னு லிக்விடேட்டர் எழுத்துல அறிவிச்சா அந்த லெட்டரை கேட்டு வாங்கி வைங்க, அதை வச்சு சார்ஸ்ல (தென்னாப்பிரிக்க வரித்துறை) கேபிடல் லாஸ், அதாவது முதலீட்டு நஷ்டம் காட்டி வேற ஷேர் வித்த லாபத்துல கழிச்சுக்கலாம், சம்பளத்துல கழிக்க முடியாது.