குளம் வற்றினால் அதிலிருந்த ஆமைகள் எங்கே போகின்றன?

பெரும்பாலும் அவை எங்கும் போவதில்லை. நம் ஊர்க் குளங்களிலும் வயல் வாய்க்கால்களிலும் வாழும் பாலாமை, நீர் வற்றத் தொடங்கியதும் ஈரச் சேற்றைத் தோண்டிப் புதைந்து, உணவின்றி, உடலியக்கத்தை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, அடுத்த மழை வரை கோடையுறக்கத்தில் கிடக்கிறது. சில மட்டும் வேறு நீர்நிலை தேடி நடக்கும்.

இதன் ஓட்டின்மேல் கடினமான செதில்கள் கிடையாது, தோலே போர்த்தியிருக்கும். பின்னங்கால்களை உள்ளிழுத்ததும் வயிற்றோட்டின் பின்பகுதியிலுள்ள இரண்டு மடிப்புகள் கதவு சாத்துவதுபோல் அவற்றை மூடிக்கொள்ளும். இந்த அமைப்பைக் காண விரும்பிப் பிடித்துவிட வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

குளத்தில் நீர் இருக்கும் காலத்தில் தவளை, மீன், நத்தை, நீர்ச்செடி, செத்துக் கிடக்கும் உயிரினம் என எதையும் இது தின்னும். மூச்சுவிட மூக்கின் நுனியை மட்டும் நீருக்கு மேல் நீட்டினால் போதும் என்பதால், கரையில் நிற்பவர் கண்ணில் எளிதில் படுவதில்லை.